குளிர் மாதங்களில் சாண எரிவாயுக் கலனுக்குள் 0.7 வோல்ட் கொடுத்தால் வாயு கூடுமா?

மேல்மலை செல்வி
டிசம்பர் 8, இரவு 9.10

வணக்கம். கொடைக்கானலுக்கு மேலே பூம்பாறைப் பக்கம் எங்கள் வீடு. பூண்டு, உருளை, கேரட் போடுகிறோம். மூன்று கலப்பின மாடு, ஒரு கன்று. ஒரு நாளைக்கு ஐம்பது கிலோ சாணி சேரும். ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு நாளைக்கு 2 கன மீட்டர் வாயுவுக்கென்று கணக்கிட்ட தீனபந்து கலன் கட்டினோம், மண்ணுக்குள் டோம் வைத்துக் கட்டுவது.

சித்திரை, வைகாசியில் அடுப்பு இரண்டரை மணி நேரம் எரியும். கார்த்திகை பிறந்ததும் குறைய ஆரம்பிக்கும். மார்கழியில் முக்கால் மணி நேரம்தான். காலையில் வெந்நீரும் காபியும் வைத்தால் அதோடு சரி, மற்றதெல்லாம் வாட்டில் (சீகை) மர விறகில். என் மாமியாருக்கு மூச்சு இழுப்பு உண்டு. அந்தப் புகையில் அவர் படுகிற பாட்டைப் பார்த்துத்தான் கலன் கட்டச் சொல்லி நான் ஒற்றைக் காலில் நின்றேன். குளிர்காலத்தில்தான் அவருக்கு அது அதிகம் தேவை, அப்போதுதான் கலன் கைவிடுகிறது. கட்டிக்கொடுத்தவர்களிடம் இரண்டு முறை கேட்டேன். மலையில் அப்படித்தான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

போன வாரம் ஒரு பாட்டிலில் தெர்மாமீட்டரைக் கட்டி ஸ்லரி (சாணிக்கரைசல்) வெளியேறும் தொட்டிக்குள் இறக்கி அரை மணி நேரம் விட்டுப் பார்த்தேன். 14 டிகிரி. அன்று காலை ஆறு மணிக்குக் கேரட் தழையெல்லாம் உறைபனியில் வெள்ளையாக இருந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் மகன் கல்லூரியில் படிக்கிறான். சில பாக்டீரியாக்கள் சாப்பிட்டதும் எலக்ட்ரானை வெளியே தள்ளும், கரித்துண்டு கிடைத்தால் அதன் மேல் தள்ளும், அதற்குக் கொஞ்சம் கரண்ட் கொடுத்தால் மறுமுனையில் ஹைட்ரஜனோ மீத்தேனோ வரும் என்று சொன்னான். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ஐப்பசியில் சோதனையை ஆரம்பித்தேன்.

இரண்டு 20 லிட்டர் தண்ணீர் கேன். இரண்டிலும் எங்கள் கலனிலிருந்தே எடுத்த பழைய ஸ்லரி 15 லிட்டர். தினமும் ஒவ்வொன்றுக்கும் 135 கிராம் சாணி, அதே அளவு தண்ணீர். முதல் கேனில் வேறு ஒன்றும் இல்லை. இரண்டாவது கேனில் 20-க்கு 30 சென்டிமீட்டர் கார்பன் ஃபெல்ட் (கரி நாரால் ஆன கம்பளி மாதிரித் துணி) ஒன்று, அது நேர்முனை. எதிர்முனைக்குத் துருப்பிடிக்காத எஃகு வலை. ஒயர் வெளியே வரும் இடத்தை எம்-சீல் வைத்து அடைத்தேன். சோலார் பேனல், 12 வோல்ட் பேட்டரி, அதிலிருந்து வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் போர்டு. அந்தப் போர்டு 1.25 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை. அதனால் 1.4-இல் வைத்து வரிசையில் ஒரு டயோடு போட்டேன், மீதி வோல்ட்டை அது பிடித்துக்கொள்ளும். இப்போது முனைகளுக்கு நடுவே 0.7 வோல்ட் நிற்கிறது.

வாயுவை டியூப் வழியாக, உப்புத் தண்ணீரில் கவிழ்த்து வைத்த பாட்டிலுக்குள் விட்டு அளக்கிறேன். வெறும் தண்ணீர் என்றால் கார்பன் டை ஆக்சைடு கரைந்து கணக்கு தப்பும் என்று மகன் சொன்னதால் உப்பு. இரண்டு கேனும் தொழுவத்தில் ஒரே பலகையில் இருக்கின்றன. அங்கே 13 முதல் 16 டிகிரி.

நவம்பர் கடைசி மூன்று வாரச் சராசரி: முதல் கேன் ஒரு நாளைக்கு 1.4 லிட்டர், இரண்டாவது கேன் 1.8 லிட்டர்.

நானூறு மில்லி கூடியிருக்கிறது. இது கரண்ட்டால்தானா? பெரிய கலனுக்குச் செய்தால் எவ்வளவு ஃபெல்ட், எவ்வளவு கரண்ட் வேண்டும்? வாயு இருக்கும் இடத்துக்குள் ஒயர் விடுவதில் ஆபத்து உண்டா? பூண்டு விற்ற காசில் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். சரியான வழி தெரிந்தால் தை மாதத்துக்குள் செய்துவிடுவேன்.

வத்தலக்குண்டு ஒயர்மேன்
டிசம்பர் 8, இரவு 10.02

அக்கா, 0.7 வோல்ட் ரொம்பக் குறைவாகத் தெரிகிறது. பேட்டரிதான் இருக்கிறதே, நேராக 12 வோல்ட் கொடுத்தால் வேலை வேகமாக நடக்காதா? ஒயரிங் நான் வந்து செய்து தருகிறேன், மாதம் இரண்டு முறை கொடைக்கு வருகிறேன்.

நுண்ணுயிர் கோவை
டிசம்பர் 8, இரவு 11.35

அண்ணா, தயவுசெய்து 12 வோல்ட் வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன். தண்ணீரைப் பிளக்கக் கோட்பாட்டளவில் 1.23 வோல்ட் போதும், நடைமுறையில் 1.8 அல்லது 2 வோல்ட்டில் நன்றாகவே பிளக்கும். அப்போது நேர்முனையில் ஆக்சிஜன் வரும். மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜன் நஞ்சு. அதைவிடப் பெரிய ஆபத்து, காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் கலந்தால் ஒரு பொறி போதும். மூடிய கலனுக்குள் ஆக்சிஜனை நாமே உண்டாக்கி, பக்கத்திலேயே ஒயரையும் வைப்பது எந்த விதத்திலும் சரியில்லை. மாட்டு மூத்திரத்தில் குளோரைடு வேறு இருக்கிறது, வோல்ட் ஏறினால் குளோரினும் வரும்.

செல்வி அக்கா, நீங்கள் 0.7-இல் நிறுத்தியது மிகச் சரி. டயோடு போட்டு இறக்கிய யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது. நான் கோவையில் நுண்ணுயிரியல் ஆராய்ச்சி மாணவன், என் மேசையில் ஓடுவதும் இதே மாதிரி ஒரு கலன்தான், அளவு மட்டும் அரை லிட்டர்.

உங்கள் மகன் சொன்னது உண்மை. நுண்ணுயிரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்பதை 1911-லேயே இங்கிலாந்தில் பாட்டர் என்பவர் ஈஸ்ட்டை வைத்துக் காட்டினார். 1987-இல் அமெரிக்காவின் பொட்டோமாக் ஆற்றுச் சேற்றிலிருந்து டெரக் லவ்லி பிரித்தெடுத்த பாக்டீரியாதான் ஜியோபாக்டர் குடும்பத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. சேற்றில் இருக்கும் இரும்புத் துரு மேல் எலக்ட்ரானைத் தள்ளி மூச்சுவிடும் உயிர் அது. துருவுக்குப் பதில் கரியை வைத்தால் கரியின் மேல் தள்ளும். எலக்ட்ரானைத் தள்ள இப்படி ஒரு இடம் கிடைத்துவிட்டால், மறுமுனையில் சிறிது வோல்ட் கொடுத்து ஹைட்ரஜன் எடுக்கலாம் என்று 2005-இல் அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் காட்டின. அசிட்டேட்டிலிருந்து (சாணி உடையும்போது வரும் வினிகர் வகைப் பொருள்) எடுக்கக் கணக்குப்படி 0.14 வோல்ட் போதும். எதிர்முனையில் ஒட்டிய நுண்ணுயிர்கள் கார்பன் டை ஆக்சைடையே மீத்தேனாக்குவதை 2009-இல் காட்டினார்கள். 10 டிகிரிக்குக் கீழேயும் இவை சோதனைக்கூடத்தில் வேலை செய்திருக்கின்றன. அதனால் குளிருக்கு இதைப் பற்றி நீங்கள் நினைத்தது நியாயம்தான்.

ஆனால் உங்கள் நானூறு மில்லிக்குக் காரணம் கரண்ட்டா என்று சொல்ல எனக்கு ஒரு எண் வேண்டும். ஒயரில் எத்தனை மில்லி ஆம்பியர் ஓடுகிறது? மல்டிமீட்டரை வரிசையில் வைத்துக் காலை, மதியம், இரவு மூன்று வேளையும் பாருங்கள். அப்புறம் புளிப்பைக் காட்டும் பி.எச். தாள் (ஏழு என்றால் நடுநிலை, குறைந்தால் புளிப்பு) இருந்தால் இரண்டு கேனிலும் பார்த்துச் சொல்லுங்கள்.

மேல்மலை செல்வி
டிசம்பர் 10, மாலை 6.40

தம்பி, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. ஒயர்மேன் அண்ணா, உங்கள் மனதுக்கும் நன்றி, கொடை வந்தால் ஒரு எட்டு மேலே வந்து காபி குடித்துவிட்டுப் போங்கள்.

கரண்ட் அளந்தேன். காலை 16, மதியம் 20, இரவு 18 மில்லி ஆம்பியர். நேற்றும் இன்றும் அதே மாதிரிதான். மதியம் தொழுவத்துக் கூரை சூடேறும்போது கூடுகிறது என்று நினைக்கிறேன். பி.எச். இரண்டிலும் ஏழை ஒட்டித்தான் இருக்கிறது.

ஒரு விஷயம் முதலில் எழுத மறந்துவிட்டேன். நவம்பர் முதல் வாரம், அளவெடுக்கத் தொடங்குவதற்கு முன்னால், கழித்துப்போட்ட கேரட்டை அரைத்து இரண்டு கேனிலும் ஆளுக்கு அரை கிலோ போட்டேன். வாயு சீக்கிரம் வரட்டும் என்ற ஆசை. மூன்றாம் நாள் முதல் கேனில் புளித்த நாற்றம், பி.எச். தாள் ஆறு பக்கம் காட்டியது, வாயு கிட்டத்தட்ட நின்றுவிட்டது. சாம்பல் கரைத்த தண்ணீர் கொஞ்சம் விட்டு, நான்கு நாள் சாணியை நிறுத்திய பிறகுதான் திரும்பியது. இரண்டாவது கேன் அப்படி ஆகவே இல்லை. வாயு இரண்டு நாள் குறைந்து தானாக எழுந்துவிட்டது. அப்போதே எனக்கு ஆச்சரியம். இதற்கும் கரண்ட்டுக்கும் சம்பந்தம் உண்டா?

நுண்ணுயிர் கோவை
டிசம்பர் 11, காலை 7.15

அக்கா, நீங்கள் மறந்துவிட்டதாகச் சொன்ன அந்தக் கேரட் விஷயம்தான் இந்தத் திரியிலேயே முக்கியமான தகவல். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் கணக்கு. ஒரு மீத்தேன் மூலக்கூறு உருவாக எட்டு எலக்ட்ரான் வேண்டும். ஒரு ஆம்பியர் கரண்ட் ஒரு நாள் முழுக்க ஓடி, அத்தனை எலக்ட்ரானும் வீணாகாமல் மீத்தேனாக மாறினால் கிடைப்பது சுமார் இரண்டரை லிட்டர். உங்கள் 18 மில்லி ஆம்பியருக்கு 45 மில்லி. உங்கள் கேனில் கூடியதோ 400 மில்லி வாயு. அதில் அறுபது சதவீதம் மீத்தேன் என்று வைத்தாலும் 240 மில்லி. அதாவது கூடியதில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட அந்த ஒயர் கொண்டுவந்திருக்க முடியாது. மீதி வேறெங்கிருந்தோ வந்திருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கே ஒரு வருடம் ஆனது. ஸ்லரியில் இருக்கும் அசிட்டேட் ஒன்றைக் கரண்ட் இல்லாமலே நுண்ணுயிர்கள் உடைத்தால் ஒரு மீத்தேன் வரும். அதே அசிட்டேட்டை நேர்முனையில் பாக்டீரியா தின்றால் எட்டு எலக்ட்ரான் வரும், அந்த எட்டும் எதிர்முனைக்குப் போய் ஒரு மீத்தேன் ஆகும். இரண்டு வழியிலும் கடைசியில் ஒன்றேதான். சாணியில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் வாயு, கரண்ட் அதற்கு மேல் ஒரு சொட்டும் தராது. அது செய்யக்கூடியது, மெதுவாக நடப்பதைக் கொஞ்சம் தள்ளிவிடுவது. உங்கள் கலனில் குளிரில் ஜீரணம் ஆகாமலே பாதிச் சாணி வெளியே போய்விடுகிறது இல்லையா, அதில் கொஞ்சத்தை மீட்கலாம்.

பெரிய கலனுக்கு என்ன ஆகும்? நீங்கள் இழப்பது ஒன்றே முக்கால் மணி நேர அடுப்பு. மணிக்கு 0.45 கன மீட்டர் என்றால் 0.8 கன மீட்டர் வாயு, அதில் மீத்தேன் 470 லிட்டர் சொச்சம். அதை ஒயர் வழியாகவே கொண்டுவர 188 ஆம்பியர் வேண்டும். 0.7 வோல்ட்டில் அது 130 வாட்தான், இரண்டு மின்விசிறி ஓடுகிற அளவு. கரண்ட் செலவு பெரிதில்லை. ஆனால் உங்கள் ஃபெல்ட் 0.06 சதுர மீட்டருக்கு 18 மில்லி ஆம்பியர் தருகிறது, அதாவது சதுர மீட்டருக்கு 0.3 ஆம்பியர். இதே கணக்கில் 188 ஆம்பியருக்கு 620 சதுர மீட்டருக்கு மேல் ஃபெல்ட் வேண்டும். பதினைந்து சென்ட் நிலத்தை ஃபெல்ட்டால் மூடுகிற மாதிரி. அதை ஐந்தரை கன மீட்டர் தொட்டிக்குள் அடைக்க முடியாது, அடைத்தாலும் பூண்டுக் காசு தாங்காது. சோதனைக்கூடத்தில் 30 டிகிரியில், சுத்தமான அசிட்டேட் கரைசலில் இதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் கரண்ட் எடுப்பார்கள். அந்த எண்ணைப் பார்த்துத்தான் பலரும் ஆசைப்படுகிறார்கள். 14 டிகிரி சாணிக்கரைசல் வேறு.

அப்படியானால் அந்த 400 மில்லி எங்கிருந்து வந்தது? ஃபெல்ட்டிலிருந்து என்பது என் ஊகம். மீத்தேன் உண்டாக்கும் உயிர்கள் மிக மெதுவாகப் பெருகும், குளிரில் இன்னும் மெதுவு. தினமும் ஸ்லரி வெளியேறும்போது அவையும் சேர்ந்து போய்விடும். ஃபெல்ட் மாதிரி நாரும் துளையுமாக ஒன்று இருந்தால் அதில் ஒட்டிக்கொண்டு அங்கேயே குடியிருக்கும். கேரட் போட்டபோது முதல் கேன் புளித்ததும் இரண்டாவது புளிக்காததும் இதனால் இருக்கலாம். அமிலம் வரும் வேகத்துக்கு அதைத் தின்ன ஆள் இருந்தது. பெல்ஜியத்தில் கென்ட் பல்கலைக்கழகத்தில் 2014-இல் இதையே பார்த்தார்கள். மின்முனை போட்ட கலன்கள் நிலையாக ஓடின, ஆனால் அதற்குக் காரணம் கரண்ட்டைவிட மின்முனையில் ஒட்டியிருந்த உயிர்க்கூட்டம்தான் என்று முடிவுக்கு வந்தார்கள்.

ஊகத்தை நம்ப வேண்டாம், சோதித்துவிடுங்கள். ஒயரைக் கழற்றி மூன்று வாரம் விடுங்கள். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும்.

கெமிஸ்ட்ரி வாத்தியார், தேனி
டிசம்பர் 11, மதியம் 1.20

அம்மா, நல்ல சோதனை. தம்பி சொன்னதில் ஒரே ஒரு திருத்தம். இரண்டு மாதம் கரண்ட்டோடு வளர்ந்த ஃபெல்ட்டில் ஒயரைக் கழற்றினால், கரண்ட் வளர்த்த கூட்டம் அதில் ஏற்கெனவே இருக்கிறது. அதன் பலன் சில வாரம் தொடரலாம். அதனால் மூன்றாவது கேன் ஒன்றும் வேண்டும். அதே அளவு புது ஃபெல்ட், அதே எஃகு வலை, ஒயர் மட்டும் முதல் நாளிலிருந்தே இல்லாமல். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பதில் வரும். குளிர் கூடக்கூட எல்லாக் கேனும் குறையும், எனவே லிட்டரைப் பார்க்காமல் முதல் கேனோடு ஒப்பிட்ட விகிதத்தைப் பாருங்கள். முப்பது வருடம் பிள்ளைகளிடம் சொல்லி வந்தது இதுதான், ஒப்பிட ஒன்று இல்லாமல் எந்த எண்ணும் பேசாது.

கோத்தகிரி போஜன்
டிசம்பர் 12, இரவு 8.45

தங்கச்சி, எனக்கு எலக்ட்ரான் தெரியாது. நீலகிரியில் இதே குளிரில் பதினொரு வருடமாகக் கலன் வைத்திருக்கிறேன், அதைச் சொல்கிறேன்.

சமவெளியில் சாணி கலனுக்குள் 40 நாள் இருந்தால் போதும் என்றும், மலைக்கு 55 நாள் என்றும் கணக்கு வைத்துத்தான் கட்டுகிறார்கள். அந்த 55 நாளும் போதாத இடம் நம்முடையது. 14 டிகிரியை 20-க்குக் கொண்டுபோனால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

நீங்கள் சாணியை எப்போது கலனில் போடுகிறீர்கள்? காலையில் என்றால் அதை முதலில் மாற்றுங்கள். மாட்டின் உடம்புச் சூடு 38 டிகிரிக்கு மேல். அந்தச் சாணி ராத்திரி முழுக்கத் தொழுவத்துத் தரையில் கிடந்து, விடியற்காலையில் பனித்தண்ணீரில் கரைத்து உள்ளே போனால், நாமே கலனுக்கு ஐஸ் கொடுக்கிறோம். நான் சாணியைக் கோணி போட்டு மூடி வைத்து, மதியம் இரண்டு மணிக்குமேல் கரைத்து விடுகிறேன்.

தண்ணீருக்கு ஒரு வழி. ஒரு அங்குலக் கறுப்பு ஹோஸ் நூறு மீட்டர், தகரக் கூரைமேல் சுருட்டி வைத்திருக்கிறேன். அதற்குள் சரியாக ஐம்பது லிட்டர் நிற்கும். உங்களுக்கும் ஐம்பது லிட்டர்தானே வேண்டும். பனி கொட்டுகிற நாளில்தான் பகலில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும், வெயில் சுள்ளென்று அடிக்கும். இரண்டு மணிக்குத் திறந்தால் கை வைக்க முடியாத சூட்டில் வரும். கரண்ட் ஹீட்டரில் செய்தால் தினம் இரண்டு யூனிட்டுக்கு மேல் போகும்.

இது மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். நூறு லிட்டர் சூடான கரைசல் ஐந்தாயிரம் லிட்டருக்குமேல் உள்ள தொட்டியை ஒரு நாளில் 0.3 டிகிரிதான் ஏற்றும். மூடாமல் விட்டால் அந்த 0.3-யும் ராத்திரியில் போய்விடும். உள்ளே விடும் தொட்டி, வெளியேறும் தொட்டி இரண்டுக்கும் பலகை மூடி போடுங்கள். டோம் மேல் மண் இருக்கிறதே, அதைச் சுற்றி வளையமாகத் தொழுவக் குப்பையைக் குவியுங்கள், உள்ளே அது தானாகக் கொதிக்கும். எல்லாவற்றுக்கும் மேலே பாலிஹவுஸ் (பிளாஸ்டிக் ஷீட் போட்ட பந்தல்) பழைய ஷீட்டைக் கூடாரமாகக் கட்டுங்கள். கொடையில் கார்னேஷன் பூப் போடுகிறவர்களிடம் கேட்டால் மாற்றிய ஷீட் சும்மாவே கிடைக்கும்.

ஃபெல்ட் கூட்டம் பிடித்து வைக்கிறது என்று தம்பி சொல்வது எனக்குப் புதிது. அடுப்புக்கரியை வலைப்பையில் கட்டித் தொங்கவிட்டால் அந்த வேலை நடக்குமா தம்பி? எங்கள் பக்கம் சீகைக் கரி நிறைய.

நுண்ணுயிர் கோவை
டிசம்பர் 12, இரவு 10.30

நடக்கும் அண்ணா, நல்ல கேள்வி. கரியின் மேல் உட்கார்ந்த பாக்டீரியாவும் மீத்தேன் உண்டாக்கும் உயிரும் அந்தக் கரி வழியாகவே எலக்ட்ரானை நேரடியாகக் கைமாற்றிக்கொள்வதைப் பத்துப் பதினைந்து வருடமாகப் பல இடங்களில் பார்த்திருக்கிறார்கள். வெளியிலிருந்து கரண்ட்டே வேண்டாம். கரி நன்றாக வெந்திருக்க வேண்டும். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து ஒரு துண்டின் இரண்டு முனையைத் தொட்டுப் பாருங்கள். சாதாரண அடுப்புக்கரி பெரும்பாலும் ஒன்றும் காட்டாது, மிக அதிகச் சூட்டில் வெந்த கரி காட்டும். காட்டாத கரியும் குடியிருக்க இடம் தரும், அதனால் வீண் இல்லை. வெளியேறும் வழியை அடைக்காத மாதிரி, கழற்றி எடுக்கக் கயிறு வைத்துத் தொங்கவிடுங்கள்.

செம்புக் கம்பி, அலுமினியம் எதையும் ஸ்லரிக்குள் விட வேண்டாம். செம்பு கரைந்தால் நுண்ணுயிரைக் கொல்லும். சாதாரண இரும்பை நேர்முனையாக வைத்தால் இரும்பே கரைந்து, வரும் ஹைட்ரஜனைப் பார்த்து வாயு கூடிவிட்டது என்று ஏமாந்துபோவோம்.

மேல்மலை செல்வி
ஜனவரி 13, இரவு 9.30

எல்லோருக்கும் வணக்கம். நாளை பொங்கல், வீடு மெழுகி முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். சொன்னபடி கணக்கைத் தருகிறேன்.

டிசம்பர் 13 அன்று இரண்டாவது கேனின் ஒயரைக் கழற்றினேன். மூன்று வாரம். குளிர் கூடிவிட்டது, தொழுவத்தில் காலையில் 11 டிகிரி வரை இறங்கியது. முதல் கேன் சராசரி 1.2 லிட்டருக்கு வந்துவிட்டது. ஒயர் இல்லாத இரண்டாவது கேன் 1.5. வாத்தியார் ஐயா சொன்னபடி விகிதம் பார்த்தேன். கரண்ட் இருந்தபோது முதல் கேனைப்போல 1.29 மடங்கு, இல்லாதபோது 1.25 மடங்கு. நானும் மகனும் இரண்டு முறை கூட்டிப் பார்த்தோம்.

ஜனவரி 4 முதல் ஒயரைத் திரும்ப மாட்டியிருக்கிறேன். 1.26, 1.28 என்று போகிறது. கரண்ட்டால் ஏதோ கொஞ்சம் வரலாம், என் பாட்டிலில் போட்ட கோடு அதைப் பிரித்துச் சொல்லும் அளவுக்குத் துல்லியமானது இல்லை.

மூன்றாவது கேன் டிசம்பர் 14-இல் வைத்தது, புது ஃபெல்ட், வலை, ஒயர் கிடையாது. முதல் இரண்டு வாரம் முதல் கேனோடு ஒட்டியே இருந்தது. நான்காவது வாரத்தில் அது 1.2 தரும்போது இது 1.3 தந்தது. ஏறிக்கொண்டிருக்கிறது. இதை மாசி கடைசி வரை விடுவேன். அதற்குள் மூன்று கேனுக்கும் மறுபடி அரைத்த கேரட் போட்டு, யார் புளிக்கிறார்கள் என்று பார்க்கப் போகிறேன். இந்த முறை வேண்டுமென்றே.

போஜன் அண்ணா, உங்களுக்குத்தான் முதலில் நன்றி சொல்லியிருக்க வேண்டும். சாணியை மூடி வைத்து மதியம் போடுகிறேன். ஹோஸ் அறுபது மீட்டர்தான் கிடைத்தது, முப்பது லிட்டர் சுடுதண்ணீர் வருகிறது, மீதிக்கு வெயிலில் வைத்த குடம். பாலிஹவுஸ் ஷீட் மன்னவனூர் போகிற வழியில் ஒருவர் கொடுத்தார், நான்கு இடத்தில் கிழிந்திருந்தது, தைத்துவிட்டேன். டோமைச் சுற்றி தொழுவக் குப்பை, அதன்மேல் பூண்டுத் தழை. வெளியேறும் தொட்டியில் இன்று 16 டிகிரி. அடுப்பு ஒரு மணி நேரத்தைத் தொட்டுவிட்டது. வெளியே போன மாதத்தைவிடக் குளிர் அதிகம், அப்படியும் கூடியிருக்கிறது.

கரியும் சோதித்தேன். எங்கள் அடுப்புக்கரியில் மீட்டர் அசையவில்லை. பூம்பாறையில் கொல்லுப்பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் உலையில் கிடந்த கரியை வாங்கிவந்து தொட்டால் முள் நன்றாகவே நகர்ந்தது. அவர் எதற்கு என்று கேட்டார், சொன்னேன். ஒரு சாக்கு எடுத்து வைக்கிறேன் என்றார். வெங்காய வலைப்பையில் கட்டி நான்காவது கேனில் தொங்கவிட்டிருக்கிறேன். அதில் தேறினால் பெரிய கலனுக்கு ஆறு பை.

தம்பி, அந்தப் பதினைந்து சென்ட் கணக்கை மகனிடம் படித்துக் காட்டினேன். பக்கத்தில் இருந்த என் மாமியாரும் கேட்டுக்கொண்டிருந்தார். காலையில் அவர் எழுந்து வந்தபோது அடுப்பு இன்னும் நீலமாக எரிந்துகொண்டிருந்தது, கஞ்சியும் அதிலேயே வைத்துவிட்டேன்.